கீபோர்டைத் தட்டினால்தான் போர்டு எழுந்திருக்கிறது. ஏன்?

மரவட்டை · ஞாயிறு, இரவு 11:42

வணக்கம். சிரிக்காமல் படியுங்கள்.

பயிற்சி வகுப்புக்காக 24 சின்ன ஏஆர்எம் போர்டு வாங்கினோம். விற்றவர் கொடுத்த இமேஜ் டெபியன் 10 லினக்ஸ், கெர்னல் (அதன் மையப் பகுதி) 4.19. ஒரே எஸ்டி கார்டு இமேஜைத்தான் 24 கார்டிலும் எழுதியிருக்கிறேன். கரண்ட் கட் ஆனாலும் கார்டு கெடக்கூடாது என்று ரூட் பார்ட்டிஷன் படிக்க மட்டும். எழுதுவதெல்லாம் ராமில் போகும், அணைத்தால் அழிந்துவிடும்.

பிரச்சினை இதுதான். பவர் கொடுத்தால் 6 விநாடியில் திரையில் லாகின் வருகிறது. ஆனால் வேறு கம்ப்யூட்டரிலிருந்து உள்ளே நுழைய எஸ்எஸ்எச் போட்டால் பதிலே இல்லை. இரண்டரை நிமிஷம் கழித்துத் தானாகச் சரியாகிறது. சிபியு சும்மா இருக்கிறது, டிஸ்க் சும்மா இருக்கிறது, ஒன்றுமே நடக்கவில்லை.

பொறுமை போய் யூஎஸ்பி கீபோர்டைச் செருகி நாலைந்து தடவை படபடவென்று தட்டினேன். உடனே எஸ்எஸ்எச் வந்துவிட்டது! தற்செயல் என்று நினைத்து அடுத்த போர்டிலும் செய்தேன். அங்கேயும் அப்படியே. பத்து போர்டில் பார்த்துவிட்டேன். தட்டினால் 20 விநாடி, தட்டாவிட்டால் 150.

பையன்கள் இப்போது போர்டுக்கு "முழிச்சுக்கோடா" என்று சொல்லித் தட்டுகிறார்கள். இது என்ன கூத்து?

கடைசி பெஞ்ச் · ஞாயிறு, இரவு 11:58

லூஸ் கனெக்‌ஷனா இருக்கும் அண்ணே. எங்க வீட்டு டிவிகூட தட்டினாத்தான் வரும்.

இரவுப்பணி · திங்கள், அதிகாலை 1:10

லூஸ் கனெக்‌ஷன் இல்லை. டிமெசேஜில் (கெர்னல் எழுதும் செய்திப் பட்டியல்) "ரேண்டம்" என்று தேடி, வருகிற வரிகளைப் போடுங்கள். 150-வது விநாடிக்குப் பக்கத்தில் "சிஆர்என்ஜி இனிட் டன்" (ரேண்டம் எண் தரும் பகுதி தயார்) என்று இருக்கும், பந்தயம்.

மரவட்டை · திங்கள், காலை 8:25

மந்திரவாதியா நீங்கள்?

[4.21] ரேண்டம்: ஃபாஸ்ட் இனிட் டன்
[6.87] ரேண்டம்: பேனல்: அன்இனிஷியலைஸ்டு யூரேண்டம் ரீட், 32 பைட்
[151.30] ரேண்டம்: சிஆர்என்ஜி இனிட் டன்

"பேனல்" என்பது இமேஜோடு வந்த வெப் கன்ட்ரோல் புரோகிராம். ரேண்டம் நம்பருக்கும் என் எஸ்எஸ்எச்சுக்கும் என்ன சம்பந்தம்?

டெர்மினல் தாத்தா · திங்கள், காலை 9:40

இரவுப்பணி பந்தயத்தில் ஜெயித்துவிட்டார். மீதியை நான் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், காபி எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

கம்ப்யூட்டருக்குத் தானாக எதையும் "குருட்டாம்போக்கில்" செய்யத் தெரியாது. ஒரு சின்ன ரகசிய எண்ணைக் கொடுத்தால், அதைப் பிசைந்து பிசைந்து எவ்வளவு வேண்டுமானாலும் யூகிக்க முடியாத எண்களைத் தரும். அந்த முதல் எண்தான் சீட். பிசைகிற கணக்கு இன்றைக்கு ஒரு தொல்லையே இல்லை. கெர்னல் 4.8-லிருந்து லினக்ஸில் சாச்சா20 என்ற முறை அந்த வேலையைச் செய்கிறது, அதில் யாரும் ஓட்டை கண்டுபிடிக்கவில்லை. தொல்லை முழுக்க அந்த முதல் கைப்பிடி மாவில்தான். இப்போதுதான் பவர் வந்த மெஷினுக்கு அது எங்கிருந்து வரும்?

லினக்ஸ் 1994-லிருந்து செய்துவருவது (தியடோர் ட்ஸோ எழுதியது) வெளியுலகத்தின் நேரத்தைக் கவனிப்பது. கீ எந்த நொடித்துளியில் அழுத்தப்பட்டது, நெட்வொர்க் பாக்கெட் எப்போது வந்தது, டிஸ்க் எப்போது பதில் சொன்னது. இன்டரப்ட் (சாதனம் சிபியுவைக் கூப்பிடும் சிக்னல்) வரும்போதெல்லாம் சிபியுவின் துடிப்புகளை எண்ணும் சைக்கிள் கவுன்டரைப் பார்த்து, அந்த எண்ணைக் குளம் என்கிற நினைவகப் பகுதியில் போட்டுக் கலக்கும். கூடவே "இதில் எத்தனை பிட் யூகிக்க முடியாதது" என்று ஒரு கணக்கும் வைத்திருக்கும். கஞ்சன் கணக்கு.

4.19-ல் அந்தக் கஞ்சத்தனம் எப்படி என்று கேளுங்கள். ஒரு கோரில் 64 இன்டரப்ட் சேர வேண்டும், இல்லாவிட்டால் ஒரு விநாடி கழிய வேண்டும். அப்போதுதான் அதிகபட்சம் ஒரு பிட் வரவு. அந்த ஒரு பிட்டிலும் கொஞ்சம் பிடித்துக்கொண்டுதான் குளத்தில் எழுதும். தயார் என்று சொல்ல 128 பிட் வேண்டும்.

மரவட்டை, இப்போது உங்கள் போர்டை நினைத்துப் பாருங்கள். முதல் ஆறு விநாடி கார்டிலிருந்து படிக்கிற பரபரப்பு. அப்புறம் மயான அமைதி. விநாடிக்கு ஒரு பிட்டுக்கும் குறைவாகச் சொட்டுகிறது. 128 பிட் சேர இரண்டரை நிமிஷம் ஆவதில் ஆச்சரியமே இல்லை. சாவி உண்டாக்க ரேண்டம் எண் வேண்டும் என்பதால் எஸ்எஸ்எச் அதுவரை காத்திருக்கிறது. கீபோர்டைத் தட்டினால் ஒவ்வொரு தட்டலின் இடைவெளிக்கும் தனியாகச் சில பிட் வரவு வைக்கும். நீங்கள் தட்டி எழுப்பவில்லை, சில்லறை போட்டிருக்கிறீர்கள்.

கடைசி பெஞ்ச் · திங்கள், காலை 9:52

தாத்தா, டிஸ்க் படிக்கிறதிலயும் வரவு உண்டுன்னு சொன்னீங்களே. பூட் முழுக்க கார்டுலேர்ந்துதானே படிக்குது?

டெர்மினல் தாத்தா · திங்கள், காலை 10:15

நல்ல கேள்வி தம்பி. அந்த வரவு சுழல்கிற ஹார்டு டிஸ்க்குக்குத்தான். உள்ளே தட்டு சுற்றும்போது காற்றுச் சுழல் உண்டாகி, படிக்கும் நேரம் கொஞ்சம் முன்னே பின்னே ஆகும், அதை யாராலும் கணிக்க முடியாது. எஸ்எஸ்டி, எஸ்டி கார்டு எதிலும் காற்றுக்கு வேலை இல்லை. அதனால் கெர்னலே அந்த வரவை அவற்றுக்கு அணைத்து வைத்திருக்கிறது. வெறும் இன்டரப்ட் கணக்குதான் மிச்சம். டிஸ்க் வேகமாக வேகமாக சீட் கிடைப்பது மெதுவாகிறது என்பது ஒரு வேடிக்கை.

சந்தேகப்பிராணி · திங்கள், காலை 10:31

இவ்வளவு சுற்றி வளைக்க வேண்டாம். ஹேவ்ஜெட் என்ற புரோகிராமை இன்ஸ்டால் பண்ணு, வேலை முடிந்தது. யூட்யூபில் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

இரவுப்பணி · திங்கள், மதியம் 12:05

யூட்யூபில் சொல்வது அறிகுறிக்கு மாத்திரை. ஹேவ்ஜெட் செய்வது சிபியு தானே ஓடும்போது நேரத்தில் ஏற்படும் நடுக்கத்தை அளப்பது. பெரிய இன்டெல் சிபியுவில் அந்த நடுக்கத்துக்குக் காரணங்கள் ஏராளம். எளிமையான ஒரு சிப்பில் அது நிஜமாகவே யூகிக்க முடியாததா, இல்லை பார்ப்பதற்கு மட்டும் அப்படித் தெரிகிறதா என்று யார் சோதித்தார்கள்? நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. காரணம் தெரிந்த பிறகு போடலாம்.

எனக்கு இன்னொன்றுதான் உறுத்துகிறது. எஸ்எஸ்எச் காத்திருக்கிறது, அது நல்ல பிள்ளை. அந்தப் பேனல் 6.87-வது விநாடியில், கெர்னல் "இன்னும் தயாரில்லை" என்று சொல்லும்போதே, யூரேண்டம் என்ற காத்திருக்காத வழியில் 32 பைட் வாங்கிக்கொண்டு போயிருக்கிறது. அதை வைத்து என்ன செய்தது?

மரவட்டை · திங்கள், மதியம் 1:20

பார்த்தேன். எச்டிடிபிஎஸ் சர்டிபிகேட் உண்டாக்குகிறது. ரூட் ராமில் இருப்பதால் ஒவ்வொரு பூட்டிலும் புதிதாக. எஸ்எஸ்எச் ஹோஸ்ட் கீயும் (போர்டின் அடையாளச் சாவி) அப்படித்தான், ஒவ்வொரு பூட்டிலும் புதுசு. "ஹோஸ்ட் கீ மாறிவிட்டது" என்று லேப்டாப் தினமும் கத்துவதற்குக் காரணம் இன்றைக்குத்தான் புரிந்தது.

ஒரே சர்டிபிகேட் இரண்டு போர்டில் வருகிறதா என்று 24-லும் எடுத்துப் பார்த்தேன். எல்லாம் வேறு வேறு. அப்போது சரிதானே?

டெர்மினல் தாத்தா · திங்கள், மாலை 4:48

வேறு வேறாக இருப்பது ஒன்று, யூகிக்க முடியாமல் இருப்பது இன்னொன்று. பூட் ஆகும்போது கெர்னல் ஒவ்வொரு போர்டின் மேக் அட்ரஸ் (நெட்வொர்க் அடையாள எண்), சீரியல் நம்பர் எல்லாவற்றையும் குளத்தில் போடுகிறது. வரவு எதுவும் வைக்காமல் சும்மா போடும். அதனால் 24-ம் 24 மாதிரி வரும். ஆனால் மேக் அட்ரஸ் ரகசியமா? அதே நெட்வொர்க்கில் இருக்கிற யாருக்கும் தெரியும்.

அந்த மேக் அட்ரஸ் போடும் பழக்கமே ஒரு அவமானத்துக்குப் பிறகு வந்ததுதான். 2012-ல் நாடியா ஹெனிங்கர், ஜாகிர் துருமெரிக், எரிக் வஸ்ட்ரோ, அலெக்ஸ் ஹால்டர்மன் நாலு பேரும் இன்டர்நெட் முழுக்க ஸ்கேன் செய்து, கிடைத்த எச்டிடிபிஎஸ், எஸ்எஸ்எச் பொதுச் சாவிகள் அத்தனையையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டார்கள். எச்டிடிபிஎஸ் மெஷின்களில் 0.5 சதவீதத்தின் ஆர்எஸ்ஏ ரகசியச் சாவி கைக்கு வந்துவிட்டது. உடைக்கவே இல்லை, வெறும் மீப்பெரு பொது வகுத்தி. பத்தாம் வகுப்புக் கணக்கு.

எப்படி என்றால், ஆர்எஸ்ஏ சாவி இரண்டு பகா எண்களின் பெருக்கல். ஒரு ரவுட்டர் 11-ஐயும் 13-ஐயும் எடுத்து 143 என்று வெளியிடுகிறது. இன்னொன்று 11, 17 எடுத்து 187. தனித்தனியாகப் பிரிப்பது (நிஜ அளவில்) நடக்காத காரியம். ஆனால் 143, 187 இரண்டுக்கும் பொதுவான வகுத்தி என்ன என்று கேட்டால் கம்ப்யூட்டர் கண் இமைக்கும் நேரத்தில் 11 என்று சொல்லிவிடும். அதோடு இரண்டு சாவியும் போச்சு.

முதல் பகா எண் மட்டும் ஏன் ஒன்றாக வந்தது, இரண்டாவது ஏன் மாறியது? இங்கேதான் பூட் வருகிறது. இரண்டு ரவுட்டரும் முதல் தடவை எழுந்தபோது குளத்தில் இருந்தது ஒரே தண்ணீர். முதல் எண் அதிலிருந்து எடுத்தார்கள், ஒன்றாக வந்தது. எடுத்து முடிப்பதற்குள் ஒரு மெஷினில் கடிகாரத்தின் விநாடி மாறியது, இன்னொன்றில் மாறவில்லை. அதுவும் உள்ளே கலந்ததால் இரண்டாவது எண் பிரிந்துவிட்டது. முழுக்க ஒன்றாக இருந்திருந்தால்கூட இவ்வளவு மோசமில்லை, பாதி ஒன்றாக இருந்ததுதான் கொன்றது.

மாட்டியதில் பெரும்பாலானவை ரவுட்டர், ஃபயர்வால் மாதிரி தலையில்லாத சாதனங்கள். கீபோர்டு கிடையாது, சுழலும் டிஸ்க் கிடையாது, பெட்டியிலிருந்து எடுத்துச் செருகியவுடன் முதல் வேலையே சாவி உண்டாக்குவது. உங்கள் போர்டுகள் மாதிரியேதான்.

கடைசி பெஞ்ச் · திங்கள், மாலை 5:03

ஏன் இவ்ளோ கஷ்டம்? கடிகார நேரத்தையே சீடா வச்சுக்க வேண்டியதுதானே. எங்க காலேஜ் லேப்ல எஸ்ரேண்ட் ஃபங்ஷனுக்குள்ள டைம் போட்டுத்தான் சொல்லிக்கொடுத்தாங்க.

இரவுப்பணி · திங்கள், மாலை 5:20

பகடை விளையாட்டுக்குச் சரி தம்பி. 1995-ல் நெட்ஸ்கேப் பிரவுசர் அப்படித்தான் செய்தது. நேரம், பிராசஸ் ஐடி (ஓடும் புரோகிராமின் எண்), அதன் அம்மா பிராசஸின் ஐடி. இயன் கோல்ட்பர்க், டேவிட் வாக்னர் என்று இரண்டு மாணவர்கள் உட்கார்ந்து பிரித்து, கொஞ்ச நேரத்தில் சாவியைக் கண்டுபிடிக்கலாம் என்று காட்டிவிட்டார்கள்.

இதைவிட மோசம் டெபியனில் நடந்தது. ஒரு எச்சரிக்கைச் செய்தியை நிறுத்துவதற்காக ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகத்தில் இரண்டு வரிகளை எடுத்தார்கள், அதோடு சீடும் போய்விட்டது. மிஞ்சியது பிராசஸ் ஐடி மட்டும். 2006-லிருந்து 2008 மே வரை டெபியன், உபுண்டு மெஷின்களில் உண்டான சாவிகள் ஒவ்வொரு வகைக்கும் 32,767-தான். மொத்தத்தையும் ஒரு பென்டிரைவில் போட்டு எடுத்துப்போகலாம், பலர் போட்டும் விட்டார்கள். நான் அப்போது வேலைக்குச் சேர்ந்த புதிது. மூன்று நாள் சாவி மாற்றுவதைத் தவிர வேறு வேலையே பார்க்கவில்லை.

இன்னொன்று, மரவட்டையின் போர்டில் கடிகார பேட்டரி இருக்கிறதா என்று கேளுங்கள்.

மரவட்டை · திங்கள், மாலை 5:31

இல்லை. நெட் வரும்வரை ஒவ்வொரு பூட்டிலும் ஒரே தேதிதான், இமேஜ் தயாரித்த நாள்.

இரவுப்பணி · திங்கள், மாலை 5:33

அவ்வளவுதான்.

சந்தேகப்பிராணி · திங்கள், இரவு 9:14

சரி, ஹேவ்ஜெட்டை விடுங்கள். சிபியுவிலேயே ரேண்டம் நம்பர் தருகிற இன்ஸ்ட்ரக்‌ஷன் இருக்கிறதே. இன்டெல் 2012-லிருந்து ஆர்டிரேண்ட் தருகிறது. ஏஆர்எம் போர்டிலும் தனிச் சிப் இருக்கும். அதைக் கேட்டால் ஒரு மைக்ரோ விநாடி வேலை. 1994 டெக்னாலஜியைக் கட்டிக்கொண்டு அழுவது ஏன்?

டெர்மினல் தாத்தா · செவ்வாய், காலை 7:02

கேட்கலாம், அது சொல்வதை மட்டும் நம்பி இருக்கக்கூடாது. 2013-ல் அமெரிக்க உளவு ரகசியங்களைச் சொல்லும் ஸ்னோடன் ஆவணங்கள் வெளிவந்த பிறகு ஃபிரீபிஎஸ்டி (லினக்ஸ் மாதிரி இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டம்) ஆட்கள் ஆர்டிரேண்ட் எண்களை நேரடியாகக் கொடுப்பதை நிறுத்தினார்கள், மற்றவற்றோடு கலந்துதான் கொடுப்போம் என்றார்கள். சிப்புக்குள் என்ன இருக்கிறது என்று யாராலும் திறந்து பார்க்க முடியாதே.

சதி இல்லாவிட்டாலும் பிழை வரும். 2019-ல் ஏஎம்டியின் புதிய ரைசன் 3000 வந்தபோது ஆர்டிரேண்ட் எப்போது கேட்டாலும் ஒரே பதில், அத்தனை பிட்டும் 1. "வெற்றி" என்ற கொடியையும் சேர்த்தே அனுப்பியது! லினக்ஸில் சர்வீஸ்களை எழுப்பும் சிஸ்டம்டி அதை நம்பி, தனித்துவமான எண் என்று நினைத்துத் தடுமாறி, பூட்டே ஆகவில்லை. மைக்ரோகோட் (சிபியுவின் உள் புரோகிராம்) புதுப்பித்துச் சரிசெய்தார்கள்.

கலப்பதில் ஒரு அழகு உண்டு. குளத்தில் நல்லது ஒன்று இருந்தால் போதும், மற்ற பத்தும் குப்பையாக இருந்தாலும் கெடாது. ஆகவே ஆர்டிரேண்டைப் போடு, வரவு வைப்பதா வேண்டாமா என்பது உன் விருப்பம். அந்த விருப்பத்துக்கு "ரேண்டம்.டிரஸ்ட்_சிபியு" என்று பூட் ஆப்ஷனே இருக்கிறது.

மரவட்டை, உங்கள் போர்டில் /டெவ்/எச்டபிள்யூஆர்என்ஜி (ஹார்டுவேர் ரேண்டம் சிப்பின் ஃபைல்) இருக்கிறதா?

மரவட்டை · செவ்வாய், காலை 8:11

இருக்கிறது! படித்தால் எண்ணும் வருகிறது. அப்புறம் ஏன் கெர்னல் அதை எடுத்துக்கொள்ளவில்லை?

டெர்மினல் தாத்தா · செவ்வாய், காலை 8:30

டிரைவர் எழுதியவர் "தரம்" என்ற இடத்தில் பூஜ்யம் விட்டிருப்பார். பழைய கெர்னலில் நிறைய டிரைவர் அப்படித்தான். தரம் பூஜ்யம் என்றால் கெர்னல் தானாக அதிலிருந்து இழுத்துக்கொள்ளாது, ஆர்என்ஜிடி என்ற புரோகிராம் மொண்டு ஊற்ற வேண்டும். வீட்டில் கிணறு இருக்கிறது, வாளிதான் இல்லை.

கடைசி பெஞ்ச் · செவ்வாய், காலை 9:20

எனக்கு ஒரு சந்தேகம். என் லேப்டாப் இப்படிக் காத்திருந்து நான் பார்த்ததே இல்லையே. சுழல்ற டிஸ்க்கும் கிடையாது.

இரவுப்பணி · செவ்வாய், மதியம் 2:44

அதற்குப் பின்னால் ஒரு பெரிய சண்டை இருக்கிறது, அது எனக்குப் பிடித்த கதை.

2014-ல் கெர்னல் 3.17-ல் கெட்ரேண்டம் என்ற சிஸ்டம் கால் (புரோகிராம் கெர்னலிடம் ரேண்டம் எண் கேட்கும் வழி) வந்தது. குளம் ஒரு தடவை தயாராகும்வரை காத்திரு, அப்புறம் காத்திருக்கவே வேண்டாம் என்பது அதன் நியாயம். ஆனால் "தயார்" என்பதற்கு உள்ளே இரண்டு நிலை இருந்தது, அரைகுறைத் தயாரையே தயார் என்று சொல்லிக்கொண்டிருந்தது. மரவட்டை டிமெசேஜில் வந்த "ஃபாஸ்ட் இனிட்" அதுதான். 2018-ல் கூகுளின் யான் ஹார்ன் அதைச் சுட்டிக்காட்ட, முழுத் தயார்தான் தயார் என்று மாற்றினார்கள். பாதுகாப்புக்கு அது சரிதான். விளைவு, உலகம் முழுக்கச் சின்ன மெஷின்கள் பூட்டில் நின்றன. டெபியன் 10 வெளியீட்டுக் குறிப்பிலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது.

அடுத்தது 2019 செப்டம்பர். 5.3 வெளிவரப்போகிற நேரம். ஒருவரின் லேப்டாப் பூட்டில் அப்படியே நின்றுவிட்டது. தேடிப் பார்த்தால் குற்றவாளி ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்தில் வந்த ஒரு நல்ல திருத்தம். டிஸ்க்குக்குப் போகிற கோரிக்கைகளை ஒன்றுசேர்த்து வேகப்படுத்தியிருந்தார்கள். கோரிக்கை குறைந்தது, இன்டரப்ட் குறைந்தது, குளம் நிரம்பவில்லை, லாகின் திரைக்கு முன்னால் ஏதோ ஒன்று கெட்ரேண்டம் கேட்டுக் காத்திருக்க, வேறு வேலையே இல்லாத மெஷினில் இன்டரப்ட்டும் வரவில்லை. காத்திருப்பதாலேயே காத்திருப்பு முடியாத நிலை.

லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் என்ன செய்தார் தெரியுமா? ஈஎக்ஸ்டி4 திருத்தத்தில் ஒரு பிழையும் இல்லை என்று ஒத்துக்கொண்டே அதைத் திரும்ப எடுத்தார். ஏற்கெனவே ஓடிய மெஷின் ஓடாமல் போகக்கூடாது, அவ்வளவுதான் அவர் சட்டம். பிறகு 5.4-ல் தானே ஒன்று எழுதிப் போட்டார். யாராவது காத்திருந்தால் கெர்னல் சும்மா இருக்காது. ஒரு டைமரை வைத்துவிட்டு, சைக்கிள் கவுன்டரைத் திரும்பத் திரும்பப் படித்து, டைமர் குறுக்கிடும் நொடித்துளியின் நடுக்கத்தை அள்ளிக் குளத்தில் போடும். ஒரு விநாடி வாக்கில் தயார். தம்பி, உன் லேப்டாப் காத்திருக்காததற்கு அது ஒரு காரணம்.

அதனால் மரவட்டைக்கு எளிய வழி 5.4-க்கு மேல் போவது. விற்றவர் தரமாட்டார், தெரியும்.

சந்தேகப்பிராணி · செவ்வாய், மாலை 3:05

ஆக ஹேவ்ஜெட் செய்ததையே கெர்னலுக்குள் செய்கிறார். நான் சொன்னபோது மட்டும் மாத்திரை என்றீர்கள்.

இரவுப்பணி · செவ்வாய், மாலை 3:12

ஒப்புக்கொள்கிறேன், ரொம்பத் தூரம் இல்லை. அப்போதும் பலர் முகம் சுளித்தார்கள். ஒரு வித்தியாசம், சைக்கிள் கவுன்டர் நகராத சிப் என்றால் கெர்னல் கையை விரித்துவிடும், பொய்யாக வரவு வைக்காது. மிப்ஸ் சிப் வைத்த பழைய ரவுட்டர் சிலவற்றில் அப்படி.

டெர்மினல் தாத்தா · செவ்வாய், இரவு 8:50

நீங்கள் எல்லாரும் புதுத் தண்ணீருக்கே அலைகிறீர்கள். நேற்றைய தண்ணீரை எடுத்துவைத்திருந்தால் இந்தப் பஞ்சாயத்தே வந்திருக்காது. யாரும் அதைக் கேட்கவில்லை.

ஓடிக்கொண்டிருக்கும் மெஷினிடம் நல்ல ரேண்டம் ஏராளமாக இருக்கிறது. அணையும் முன் ஒரு கைப்பிடி டிஸ்க்கில் எழுதிவைத்து, அடுத்த தடவை எழும்போது அதைக் குளத்தில் ஊற்றினால் போதும். டெபியனில் அது /வார்/லிப்/சிஸ்டம்டி/ரேண்டம்-சீட். ஃபிரீபிஎஸ்டி ஓடும்போதே க்ரான் என்ற நேர அட்டவணையில் அவ்வப்போது சேமிக்கும். எனக்கு ரொம்பப் பிடித்தது ஓபன்பிஎஸ்டி. அங்கே பூட்லோடரே சீடு ஃபைலைப் படித்துக் கெர்னல் கையில் கொடுத்துவிடுகிறது. கெர்னலின் முதல் வரி ஓடும்போதே மடியில் மாவு இருக்கிறது. லினக்ஸில் சீடு ஃபைல் ஊற்றுவது ஒரு சர்வீஸ், அதற்குள் பல விஷயம் ஓடி முடிந்திருக்கும்.

மரவட்டை, மூன்று தடவை ரீபூட் செய்யுங்கள். ஒவ்வொரு தடவையும் அந்த ஃபைலின் எஸ்எச்ஏ256 ஹாஷ் (ஃபைலின் கைரேகை மாதிரி) என்ன, தேதி என்ன? ராமில் தெரிவது வேண்டாம், கார்டில் நிஜமாக இருக்கிறதைப் பாருங்கள்.

மரவட்டை · செவ்வாய், இரவு 10:37

ஐயா, முகத்தில் அடித்த மாதிரி இருக்கிறது.

512 பைட் ஃபைல் இருக்கிறது. தேதி, இமேஜ் தயாரித்த நாள். மூன்று ரீபூட்டிலும் அதே ஹாஷ். 7-ம் நம்பர் போர்டு, 15-ம் நம்பர் போர்டு, அதே ஹாஷ். விற்றவரின் தளத்திலிருந்து இமேஜை மறுபடி இறக்கி, பிரித்துப் பார்த்தேன். அதே ஹாஷ்.

அதாவது அவர் இமேஜ் எடுப்பதற்கு முன் ஒரு தடவை பூட் செய்திருக்கிறார், அந்தத் தடவையின் சீட் அப்படியே உள்ளே மாட்டிக்கொண்டது. நான் கார்டைக் காப்பாற்றுவதற்காகப் படிக்க மட்டும் என்று வைத்ததில் அது மாறவும் வழியில்லாமல் போயிற்று. 24 போர்டும் தினமும் ஒரே "ரகசிய" எண்ணோடு எழுந்திருக்கின்றன, அதை யார் வேண்டுமானாலும் டவுன்லோடு செய்யலாம்.

இரவுப்பணி · செவ்வாய், இரவு 10:49

சிஸ்டம்டி சீடு ஃபைலைக் குளத்தில் ஊற்றினாலும் வரவு வைக்காமல் இருப்பதற்குக் காரணமே இதுதான். வைத்திருந்தால் 2 விநாடியில் "தயார்" என்று வந்திருக்கும், நீங்கள் கீபோர்டைத் தட்டியிருக்கவே மாட்டீர்கள், இந்த இழையும் இருந்திருக்காது.

விஎம் (விர்ச்சுவல் மெஷின்) உலகில் நாங்கள் தினமும் படுகிற அவஸ்தை இது. ஸ்னாப்ஷாட் எடுத்து பத்து விஎம் எழுப்பினால், சீடு ஃபைல் மட்டுமில்லை, ஓடுகிற குளமே பத்துப் பிரதி. விஎம்களை ஓட்டும் ஹைப்பர்வைசர் "நீ பிரதி" என்று சொல்ல ஒரு ஐடி கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது, 5.18-லிருந்து லினக்ஸ் அதைப் பார்த்ததும் குளத்தைப் புதுப்பிக்கிறது. டெம்ப்ளேட் எடுக்கும் முன் மெஷின்-ஐடியையும் ரேண்டம்-சீடையும் அழிப்பது எங்கள் செக்லிஸ்டில் முதல் இரண்டு வரி.

கடைசி பெஞ்ச் · புதன், காலை 9:01

விண்டோஸ்ல எப்படி? அங்க யாரும் கீபோர்டு தட்டி பாத்ததில்ல.

டெர்மினல் தாத்தா · புதன், காலை 9:15

அதே சரக்குதான், கடை வேறு. ரெஜிஸ்ட்ரியில் ஒரு சீட் வைத்திருக்கும். டிபிஎம் பாதுகாப்புச் சிப், யூஈஎஃப்ஐ ஃபர்ம்வேர், ஆர்டிரேண்ட் எல்லாவற்றிலும் ஒவ்வொரு வாளி வாங்கிக் கலக்கும். பிசியில் அத்தனையும் இருக்கும், அதனால் சிரமம் தெரியாது. கஷ்டமெல்லாம் மலிவு போர்டுக்குத்தான்.

இப்போது மரவட்டைக்கு வைத்தியம். கார்டில் 16 எம்பிக்கு எழுதக்கூடிய ஒரு பார்ட்டிஷன். ஒவ்வொரு கார்டிலும் உங்கள் லேப்டாப்பின் யூரேண்டமிலிருந்து தனித்தனியாக 512 பைட். பூட்டில் செய்ய வேண்டியது, இந்த வரிசை முக்கியம்: பழைய சீடைக் குளத்தில் ஊற்று. உடனே குளத்திலிருந்து புதிது எடுத்து ஃபைலில் எழுது. எஃப்சிங்க் செய்து கார்டில் இறங்கியதை உறுதி செய். அதற்குப் பிறகுதான் வரவு வை.

அணைக்கும்போது எழுதினால் போதாதா என்று கேட்பீர்கள். உங்கள் போர்டுகளை யார் முறையாக அணைக்கிறார்கள்? சுவிட்சைத் தட்டிவிட்டுப் போவார்கள், இல்லையென்றால் கரண்ட் போகும். எழுதாமல் போனால் நாளைக்கு அதே சீட். ஒரு சீடை ஒரு தடவைதான் தொட வேண்டும், அதனால்தான் பயன்படுத்தும் முன்பே அதன் இடத்தில் அடுத்தது உட்கார்ந்திருக்க வேண்டும்.

வரவு வைக்க யூரேண்டமில் எழுதினால் போதாது, அது கலக்க மட்டும் செய்யும். ஆர்என்டிஆட்என்ட்ரோபி என்ற ஐஆக்டில் (கெர்னலுக்குத் தரும் நேரடிக் கட்டளை) வேண்டும். இருபது வரி சி புரோகிராம்.

சந்தேகப்பிராணி · புதன், காலை 10:40

யாராவது கார்டை உருவி சீடைப் படித்துவிட்டால்?

டெர்மினல் தாத்தா · புதன், காலை 10:52

கார்டை உருவ முடிந்தவன் சீடை ஏன் படிக்கிறான், பாஸ்வேர்டு ஃபைலையே மாற்றிவிட்டுப் போவான்.

சந்தேகப்பிராணி · புதன், காலை 11:08

படித்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பச் செருகிவிட்டால் தெரியாதே. நான் வரவு வைக்கமாட்டேன், எச்டபிள்யூஆர்என்ஜி-யிலிருந்து ஆர்என்ஜிடி ஊற்றட்டும். சீட் சும்மா கலக்கட்டும்.

டெர்மினல் தாத்தா · புதன், காலை 11:15

இதுவும் நியாயம்தான். அந்தச் சிப்பை நீங்கள் நம்புவதாக இருந்தால். திங்கட்கிழமை சிப்பை ஏன் கேட்கக்கூடாது என்று என்னைக் கேட்ட ஆள் நீங்கள், இப்போது அதை நம்புகிறீர்களா என்று நான் கேட்கிறேன்!

மரவட்டை · வெள்ளி, இரவு 9:30

இரண்டையும் போட்டுவிட்டேன். சீட் கலக்கும், ஆனால் வரவு வைக்காது. ஆர்என்ஜிடி ஊற்றும். பேனல் ஆர்என்ஜிடிக்குப் பிறகு, "சிஆர்என்ஜி இனிட் டன்" வந்த பின்தான் எழும்படி சர்வீஸை மாற்றியாயிற்று. ஹோஸ்ட் கீயும் சர்டிபிகேட்டும் ஒரே தடவை உண்டாகி அந்தச் சின்னப் பார்ட்டிஷனில் தங்கும். பழைய சர்டிபிகேட் எல்லாம் தூக்கியெறிந்தேன்.

முதல் போர்டில் எஸ்எஸ்எச் வர ஆகும் நேரம் 151-லிருந்து 9 விநாடி. கீபோர்டைக் கழற்றி வைத்துவிட்டேன், பையன்களுக்குத்தான் வருத்தம்.

ஒரு விஷயம் சொல்லாமல் விடக்கூடாது. 24 கார்டும் எழுதி முடித்து, போர்டில் செருகும் முன் சும்மா ஒரு தடவை எல்லாச் சீடுக்கும் ஹாஷ் எடுத்து வரிசைப்படுத்திப் பார்த்தேன். 9-ம் 10-ம் ஒன்றே. ராத்திரி ஒன்பதாவது கார்டு முடிந்ததும் டீ குடிக்கப் போனேன், வந்து அம்புக்குறியைத் தட்டி என்டர் போட்டதில் புதிதாக எடுக்கிற வரிக்குப் பதில் நகல் எடுக்கிற வரி ஓடியிருக்கிறது.

டெர்மினல் தாத்தா · வெள்ளி, இரவு 9:34

செருகிவிடவில்லையே?

மரவட்டை · வெள்ளி, இரவு 9:35

இல்லை ஐயா. பத்தாவதை இப்போதுதான் மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன்.